அளவுகோலும் அமானிதமும்
குத்தாலம் வட்டாரத்து நில ஆவணங்களை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

காவிரியின் தென்கரையில் அமைந்த குத்தாலம், தேவாரக் காலத்தில் திருத்துருத்தி எனப் பெயர் பெற்றிருந்தது. துருத்தி என்றால் ஆற்றிடைக்குறை. ஆறு கொண்டுவந்து சேர்த்த மண்ணே இவ்வூரின் நிலம் என்பதை அப்பெயரே சொல்லிவிடுகிறது. ஆறு கொடுத்த நிலத்தை மனிதன் அளந்தான், அளந்ததை எழுதினான், எழுதியதைக் காட்டித் தனது என்றான். இந்த மூன்று செயல்களின் வரலாறே காவிரிப் படுகையின் வரலாறு என்று சொன்னால் அது மிகையாகாது.

பள்ளிவாசல்களுக்கும் மதரஸாக்களுக்கும் கப்ருஸ்தான்களுக்கும் நம் முன்னோர் எழுதிவைத்த நிலங்களைப் பற்றிய பேச்சு, 2025ஆம் ஆண்டின் வக்ஃப் திருத்தச் சட்டத்துக்குப் பின்னர் வீடுதோறும் எழுந்துள்ளது. அப்பேச்சில் உணர்ச்சி மிகுதி. ஆவண அறிவு குறைவு. எனவே ஒரு துண்டு நிலம் எவ்வெந்தக் கைகளால் அளக்கப்பட்டு, எவ்வெந்த ஏடுகளில் ஏறி இன்று நம்மிடம் வந்திருக்கிறது என்பதை நிதானமாக ஆராய்வது பயன்தரும்.

கல்லில் ஏறிய கணக்கு

முதலாம் இராசராசன் காலத்தில், ஏறத்தாழ கி.பி. 1001இல், சோழநாடு முழுவதும் அளக்கப்பட்டது. அப்பணியை நடத்திய அதிகாரி ‘உலகளந்தான்’ என்னும் பட்டம் பெற்றார். முதலாம் குலோத்துங்கன் காலத்தில், 1086இல், மீண்டும் ஓர் அளவை நிகழ்ந்தது. இங்கிலாந்தில் முதலாம் வில்லியம் மன்னர் நாட்டு நிலங்களைக் கணக்கெடுத்து ‘டூம்ஸ்டே’ ஏட்டைத் தொகுப்பித்ததும் அதே ஆண்டில்தான் என்பது வரலாற்று மாணவர் அறிந்த செய்தி.

தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகளில் ஒரு வேலியை 5,242 கோடியே 88 லட்சம் கூறாக்கி, அவற்றுள் ஒரு கூறு வரை கணக்கிட்டிருக்கிறார்கள். இன்று வழங்கும் வேலிக் கணக்கில் அது ஏறத்தாழ அரைச் சதுர மில்லிமீட்டர். அத்தனை சிறிய நிலத்தில் எவரும் நாற்று நட முடியாது. மா, காணி, முந்திரி என இறங்கும் பின்ன வாய்பாட்டைக் கொண்டு வரியைப் பங்கிட்டபோது மிச்சம் மீதியின்றிக் கணக்கு முடிய வேண்டும் என்ற நேர்மையின் அடையாளமாகவே அதைக் கொள்ள வேண்டும்.

அக்கல்வெட்டுகளில் மற்றொரு சிறப்பும் உண்டு. ஊரின் மொத்த நிலத்தைச் சொன்னபின், ஊர் நத்தம், குளம், வாய்க்கால், கோயில், சுடுகாடு, சேரிகள் ஆகியவற்றைக் கழித்து, எஞ்சியதற்கே வரி விதித்தனர். பொதுவுக்கு உரியதை முதலில் ஒதுக்கிவிட்டுத் தனியாருக்கு உரியதைப் பின்னர் கணக்கிடும் இம்முறையை, இன்று நிலப்பயன் திட்டம் என்று நாம் சொல்லும் துறையின் முன்னோடி எனலாம்.

குத்தாலத்துக் கோயிலையும், அதே வட்டத்தைச் சேர்ந்த கோனேரிராசபுரத்துக் கோயிலையும் கற்றளியாக்கிய செம்பியன் மாதேவியார் காலத்திலிருந்தே இப்பகுதியில் அறக்கொடை நிலங்கள் எல்லை குறித்துப் பதியப்பட்டு வந்தன. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரம் என்னும் பௌத்தப் பள்ளிக்கு இராசராசன் ஆனைமங்கலத்தை வழங்கியபோது, பெண்யானையை எல்லை நெடுக நடத்திக் கல்லும் கள்ளியும் நட்டு வரம்பு குறித்தனர் என்று லெய்டன் செப்பேடு தெரிவிக்கின்றது. பாண்டிய நாட்டில், 13ஆம் நூற்றாண்டில், பவித்திரமாணிக்கப்பட்டினத்துச் சோனகர் பள்ளிக்கு இறையிலி நிலம் வழங்கப்பட்ட செய்தி திருப்புல்லாணிக் கல்வெட்டில் இடம்பெற்றுள்ளது. சைவம், வைணவம், பௌத்தம், இஸ்லாம் என்று எந்த வழிபாட்டிடமாயினும் அறநிலத்துக்கு எல்லையும் எழுத்தும் வேண்டும் என்பதே இம்மண்ணின் மரபு.

இராக்கின் வயல்களில்

இதற்கு மூன்றரை நூற்றாண்டுகளுக்கு முன்னரே, இரண்டாம் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் இராக்கின் ஸவாத் எனப்படும் கருமண் நிலத்தை அளக்கச் செய்தார்கள். யூப்ரடீஸ், டைகிரிஸ் ஆகிய இரு நதிகளும் கால்வாய்களும் பாய்ந்த நிலம் அது. நம் டெல்டாவோடு ஒப்பிடத்தக்கது. வெற்றிபெற்ற படையினருக்கு அந்நிலத்தைப் பங்கிட்டுக் கொடுக்க வேண்டும் என்ற கோரிக்கையைக் கலீஃபா ஏற்கவில்லை. உழுதவரிடமே நிலத்தை விட்டுவைத்து, அதன் வரியை வருங்காலத் தலைமுறையினருக்கும் உரியதாக்கினார்கள். நிலத்தை அளக்கும் பொறுப்பு உஸ்மான் இப்னு ஹுனைஃப் (ரலி) அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. அளவை முடிவில் 3 கோடியே 60 லட்சம் ஜரீப் நிலம் கணக்கில் வந்ததாக இமாம் அபூயூஸுஃப் அவர்களின் ‘கிதாபுல் கராஜ்’ பதிவு செய்துள்ளது.

எண்ணிக்கையைவிடக் கருத்தில் கொள்ளத்தக்கது வேறொன்று. தாம் கொலையுண்பதற்குச் சில நாள்களுக்கு முன்னர் கலீஃபா அவர்கள் உஸ்மான் இப்னு ஹுனைஃப் (ரலி), ஹுதைஃபா (ரலி) ஆகிய இருவரையும் கண்டு, நிலம் தாங்க முடியாத சுமையை அதன்மீது ஏற்றிவிட்டீர்களோ என்று வினவியதாக ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். அளவுகோல் அரசின் கையில் இருந்தாலும் அதற்கு மறுமையில் கணக்கு உண்டு என்ற அச்சமே அந்த வினாவின் அடிப்படை.

ஆவணம் அழிந்தால் என்ன நேரும் என்பதற்கும் அதே இராக் சான்று தருகிறது. ஹிஜ்ரி 82இல், இப்னுல் அஷ்அஸின் கிளர்ச்சியின்போது, ஜமாஜிம் போர்க்குழப்பத்தில் திவான் ஏடுகள் எரிந்துபோயின. அவ்வேடுகளில்தாம் அரசுக்குரிய பொதுநிலங்கள் எவையென்று எழுதப்பட்டிருந்தன. ஏடு சாம்பலானதும், அந்நிலங்களை அண்டியிருந்த ஒவ்வொரு கூட்டத்தாரும் தம் பக்கத்தில் இருந்ததைத் தமதாக்கிக் கொண்டனர். நிலம் அங்கேயே இருந்தது. அது யாருடையது என்ற நினைவுதான் எரிந்துவிட்டது.

இதனாலன்றோ நம் மார்க்கம் எழுத்துக்கு இத்தனை அழுத்தம் தந்துள்ளது! திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைப்பது பற்றியதும், எழுதுபவரின் நேர்மை, சாட்சிகளின் பொறுப்பு ஆகியவை பற்றியதுமாகும். நில எல்லையின் அடையாளங்களை மாற்றுபவன் இறைசாபத்துக்கு உரியவன் என்பதும், அநியாயமாக ஒரு சாண் நிலத்தை அபகரித்தவன் மறுமையில் ஏழு பூமிகளின் பாரத்தைக் கழுத்தில் சுமப்பான் என்பதும் ஸஹீஹான நபிமொழிகளின் கருத்தாகும். அல்குவாரிஸ்மி அவர்கள் தம் அல்ஜீப்ரா நூலில் நில அளவைக்கு ஒரு பகுதியையும், வாரிசுப் பங்கீட்டுக்கு ஒரு பகுதியையும் ஒதுக்கியதில் வியப்பில்லை. கணிதமும் ஃபிக்ஹும் வயல் வரப்பில் சந்தித்துக் கொள்கின்றன.

கச்சேரியில் வழங்கும் அரபுச் சொற்கள்

குத்தாலத்து உழவர் ஒருவர் தாசில்தார் அலுவலகத்துக்குச் சென்று திரும்பும்போது, தம்மை அறியாமலேயே பத்து அரபுச் சொற்களையேனும் பேசியிருப்பார். தஹ்ஸீல் என்றால் திரட்டுதல். அதனோடு பாரசீக விகுதி சேர்ந்து தாசில்தார் ஆனது. தாலுகா, ஜில்லா, பிர்க்கா, வசூல், மகசூல், கிஸ்தி, அசல், நகல், தாவா, ஜப்தி ஆகிய அனைத்தும் அரபு வேரிலிருந்து பாரசீக ஆட்சிமொழி வழியாக வந்தவை. அறுவடைப் பருவத்தைக் குறிக்கும் ஃபஸ்ல் என்ற சொல்லே பசலி ஆண்டாயிற்று. ஜூலை முதல் நாளன்று தொடங்கும் இவ்வருவாய் ஆண்டின் கணக்கில் 2025 ஜூலை முதல் 2026 ஜூன் முடிய 1435ஆம் பசலி. ஆண்டுதோறும் நடைபெறும் ஜமாபந்தியின் முற்பகுதி ‘ஜம்உ’ என்னும் அரபுச் சொல்லே.

இச்சொற்களுள் நம் ஆய்வுக்கு முதன்மையானவை இரண்டு: மிராசு, இனாம். மீராஸ் என்றால் வாரிசாக வரும் சொத்து. இன்ஆம் என்றால் கொடை. தஞ்சைத் தரணியின் நில உரிமை முழுவதும் இவ்விரு சொற்களைச் சுற்றியே அமைந்திருந்தது.

மிராசும் இனாமும்

தஞ்சை மராட்டிய அரசு 1799இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆளுகைக்கு உட்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் கம்பெனி அதிகாரிகள் எடுத்த கணக்கின்படி 5,783 கிராமங்களில் 1,807 கிராமங்கள் ஒருவருக்கே உரிய ஏகபோகம். 2,202 கிராமங்களில் பலரும் தத்தம் வயலைத் தனித்தனியே அனுபவித்தனர். 1,774 கிராமங்களில் நிலம் பங்காளிகளுக்குப் பொதுவாக இருந்தது. கரையீடு என்னும் முறையில் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை சீட்டுப் போட்டு வயல்களை மாற்றிக்கொள்ளும் வழக்கமும் நிலவியது. மிராசுதாரர் 62,048 பேரில் முஸ்லிம்கள் 1,457 பேர். கடல் வணிகமே நம் முன்னோரின் ஒரே தொழில் என்ற எண்ணத்தை இவ்வெண் திருத்துகிறது. சேற்றில் இறங்கிய மிராசு உரிமையும் அவர்களுக்கு இருந்தது. அந்த உரிமையின் கீழே நிலமற்ற பண்ணையாட்களின் உழைப்பு இருந்தது என்பதையும் மறைக்கலாகாது. அவர்தம் பெயர்கள் அவ்வேடுகள் எவற்றிலும் இல்லை.

இனாம் நிலங்களின் கதை வேறு. சோழர் முதல் மராட்டியர் வரை பல அரசர்கள் கோயில்களுக்கும் மடங்களுக்கும் பள்ளிவாசல்களுக்கும் தர்காக்களுக்கும் கொடைநிலம் வழங்கினர். நாகூர் தர்காவின் உயர்ந்த மனாராவை எழுப்பிய பிரதாபசிங் மன்னர் அதற்கு நிலங்களையும் மானியமாக வழங்கியது யாவரும் அறிந்ததே. 1858இல் சென்னை மாகாணத்தில் அமைக்கப்பட்ட இனாம் கமிஷன் இக்கொடைகளை ஒவ்வொன்றாக விசாரித்தது. கொடுத்தவர் யார், எந்தச் சன்னதின்படி, எந்தப் பணிக்காக, எவ்வளவு நிலம், அப்போது அனுபவித்தவர் யார் என்பனவெல்லாம் இனாம் பதிவேட்டில் எழுதப்பட்டு, உரிமைப் பட்டயமும் அளிக்கப்பட்டது. தனியார் இனாம்கள் குறைந்த தீர்வைக்கு உட்பட்டு முழு உடைமையாக மாற்றப்பட்டன. அறப்பணி இனாம்கள் அப்பணி நடக்கும்வரை நிலைக்குமாறு உறுதிசெய்யப்பட்டன.

மூலக் கொடைப்பத்திரம் கிட்டாதபோது இனாம் பதிவேட்டுக்கு மிகுந்த சான்று மதிப்பு உண்டு என்று பிரிவி கவுன்சில் 1919இல் ஒரு மடத்துச் சொத்து வழக்கில் தீர்ப்பளித்தது. ஒரு மடம் பெற்ற அத்தீர்ப்பு இன்று பள்ளிவாசலுக்கும் அரணாக நிற்கிறது. பழைய ஏட்டில் கோயில் மானியமும் பள்ளிவாசல் மானியமும் அடுத்தடுத்த பக்கங்களில் எழுதப்பட்டிருக்க, இன்று அவற்றை ஒன்றுக்கொன்று பகையாகப் பேசுவோர் அந்த ஏட்டைப் புரட்டிப் பார்த்தவர்களாக இருக்க முடியாது.

சங்கிலியும் எல்லைக்கல்லும்

நவீன அளவைக்கான தொடக்கங்களும் நம் மாநிலத்திலேயே நிகழ்ந்தன. 1794இல் மைக்கேல் டாப்பிங் சென்னையில் அளவைப் பள்ளியைத் தொடங்கினார்; கிண்டிப் பொறியியல் கல்லூரியின் மூலம் அதுவே. 1802இல் பரங்கிமலைக்கு அருகே அடிக்கோடு அளந்து லாம்டன் தம் முக்கோண அளவையைத் தொடங்கினார். 1808இல் தஞ்சைப் பெரியகோயிலில் மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து அவருடைய பெரிய தியோடலைட் கருவி மோதிச் சேதமுற்றது. இராசராசனின் அளவைக் கணக்கைச் சுமந்து நிற்கும் கோயிலிலேயே அது நிகழ்ந்தது.

உழவரின் வயலுக்கு அளவை வந்தது சங்கிலி வடிவில். 66 அடி நீளமும் 100 கண்ணிகளும் கொண்ட குண்டர் சங்கிலியால் வயலை அளந்தனர். அக்பர் காலத்தில் கயிற்றுக்கு மாற்றாக இரும்பு வளையங்களால் இணைத்த மூங்கில் ஜரீப் புகுத்தப்பட்டதற்கும் காரணம் ஒன்றே: நனைந்தால் கயிறு சுருங்கும், சுருங்கிய கயிறு குடியானவனின் நிலத்தைக் கூட்டிக்காட்டும். வயலை முக்கோணங்களாகப் பகுத்து, நடுவே ஓர் அளவுக்கோடு வகுத்து, அதிலிருந்து செங்கோணமாக ஓரங்கள் வரை அளந்து வரைந்ததே புலப்படம். மூன்று கிராமங்களின் எல்லைகள் கூடுமிடத்தில் கல் நடப்பட்டது. ஒவ்வொரு வயலுக்கும் புல எண் வந்தது. அன்றுமுதல் ‘அரசமரத்துக்கு மேற்கு, வாய்க்காலுக்குத் தெற்கு’ என்ற நினைவின் இடத்தை எண் பிடித்துக்கொண்டது.

மக்களின் நாவில் மட்டும் பழைய அளவு அழியவில்லை. 12 அடிக் கோலால் 144 சதுர அடி ஒரு குழி. 100 குழி ஒரு மா. 20 மா ஒரு வேலி. ஏக்கர்க் கணக்கில் மா ஏறத்தாழ 33 சென்ட், வேலி 6.6 ஏக்கர். பழைய வக்ஃப் பத்திரங்களில் மாவும் குழியும், நிலவரித்திட்ட ஏட்டில் ஏக்கரும் சென்டும், இன்றைய அ-பதிவேட்டில் ஹெக்டேரும் ஏரும் இடம்பெற்றிருக்கும். மூன்றையும் ஒன்றாக்கிப் படிக்கத் தெரியாதவர் கையில் மூன்றும் மூன்று நிலங்களாகத் தோன்றும்.

1923ஆம் ஆண்டின் அளவை மற்றும் எல்லைகள் சட்டம் ஒரு முக்கிய விதியைக் கொண்டுள்ளது. அளவை முடிந்ததாக அறிவிப்பு வெளியானபின், அதனால் பாதிக்கப்பட்டவர் 3 ஆண்டுகளுக்குள் உரிமையியல் நீதிமன்றத்தை நாட வேண்டும். தவறினால் அந்த எல்லையே முடிந்த முடிவு. அளவையர் வரும் நாளில் வரப்பில் நிற்காதவனின் மௌனத்தைச் சட்டம் சம்மதமாகக் கொள்கிறது.

நினைவு அறுந்த ஆண்டுகள்

1963ஆம் ஆண்டின் சிறு இனாம்கள் ஒழிப்புச் சட்டத்தின்கீழ் இனாம் நிலங்கள் ரயத்துவாரியாக மாற்றப்பட்டன. பட்டா கோரி முறையீடு செய்த அறநிலையங்கள் பெற்றன. முறையீடு செய்யாதவற்றின் நிலம் அனுபவத்தில் இருந்தவர் பெயருக்குச் சென்ற நேர்வுகள் உண்டு. பின்னர் 1979 முதல் 1987 வரை நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் நடைபெற்றது. உட்பிரிவுகள் பிரிக்கப்பட்டு, அளவு மெட்ரிக் முறைக்கு மாறி, அனுபவதாரர் பெயர்கள் புதிதாக ஏறின.

இத்திட்டம் நடந்துகொண்டிருந்தபோதே, 1980 நவம்பரில், பரம்பரைக் கர்ணம், மணியம் பதவிகள் ஒழிக்கப்பட்டுக் கிராம நிர்வாக அலுவலர் முறை வந்தது. பரம்பரைப் பதவியின் கொடுமைகளை எண்ணும்போது அது தேவையான சீர்திருத்தமே. ஆயினும், எந்த வயல் எந்தப் பள்ளிவாசலின் விளக்கெண்ணெய்க்கு உரியது, எந்தத் திடல் யாருடைய மையவாடி என்று வாய்ப்பாடமாக அறிந்திருந்தவர்கள், ஏடுகள் திருத்தி எழுதப்படும் அதே வேளையில் விலகினர். அடுத்து வந்த ஏட்டில் முதவல்லியின் பெயர் இருக்க, ‘வக்ஃப்’ என்ற அடைமொழி விடுபட்டால், அவர் மறைவுக்குப்பின் அந்நிலம் வாரிசுச் சொத்தாகிவிடும். கப்ருஸ்தான் வெறும் ‘புறம்போக்கு’ என எழுதப்பட்டால், அடுத்த தலைமுறையில் அது யாருக்கும் ஒதுக்கத்தக்க இடமாகிவிடும். ஹிஜ்ரி 82இல் தீ செய்ததைச் சில இடங்களில் ஓர் எழுதுகோலின் விடுபாடே செய்துவிடுகிறது.

பட்டா உரிமைமூலம் அன்று. வருவாய்த் துறையின் பதிவு மட்டுமே என்று நீதிமன்றங்கள் பலமுறை கூறியுள்ளன. அது ஆறுதல்தான். ஆனால் அவ்வாறுதலைப் பெற, பட்டாவுக்கு முந்திய ஏட்டைக் காட்டியாக வேண்டும்.

இன்றைய நிலை

2025ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் மூன்று வகையில் ஆவணத்தின் எடையைக் கூட்டியுள்ளது. நெடுங்காலப் பயன்பாட்டினாலேயே வக்ஃப் ஆகும் முறை இனி புதிதாக ஏற்கப்படாது. முன்னரே பதிவானவை, தகராறில் இல்லாதவையும் அரசு நிலம் எனக் கருதப்படாதவையும் மட்டும் காக்கப்படும். வக்ஃப் சொத்தை மீட்கும் வழக்குகளுக்குக் காலவரையறை இல்லை என்றிருந்த 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் 107ஆம் பிரிவு நீக்கப்பட்டது. பதிவான சொத்துகளின் விவரங்களை மின்தளத்தில் ஏற்ற ஆறு மாதத் தவணை குறிக்கப்பட்டு, அத்தளம் 2025 ஜூன் 6இல் திறக்கப்பட்டது. உச்சநீதிமன்றம் 2025 செப்டம்பர் 15இல் பிறப்பித்த இடைக்கால ஆணை, அரசு அதிகாரியின் விசாரணையைக் கொண்டே ஏடுகளைத் திருத்தும் அதிகாரம் உள்ளிட்ட சிலவற்றை நிறுத்திவைத்தது. பதிவு செய்ய வேண்டும் என்பதை நிறுத்தவில்லை. சட்டத்தின் நியாய அநியாயம் பற்றிய வாதம் நீதிமன்றத்தில் நிகழட்டும். அவ்வாதத்தில் எந்தப் பக்கம் வென்றாலும், ஏடு இல்லாதவருக்கு அதனால் பயனில்லை.

வேறோர் உண்மையும் சொல்லப்பட வேண்டும். வக்ஃப் நிலங்கள் அந்நியரால் மட்டுமே பறிபோகவில்லை. அற்பக் குத்தகைக்குத் தலைமுறை தலைமுறையாக வைத்திருந்து தம் சொத்தெனப் பாவித்தவர்கள், பத்திரங்களை வீட்டுப் பெட்டியில் பூட்டிவைத்து ஜமாஅத்துக்குக் காட்ட மறுத்தவர்கள், நஞ்செயை மனையாக்கி விற்கத் துணைநின்றவர்கள் ஆகியோருள் நம்மவரும் உண்டு. ஒரு சாண் நிலம் பற்றிய நபிமொழி அவர்களுக்கு விலக்களிக்கவில்லை.

நிலப்பயன் குறித்தும் நம் மரபில் தெளிவான நெறி உண்டு. வாகிஃபின் நிபந்தனை ஷரீஅத்தின் கட்டளைபோல் பேணத்தக்கது என்பது ஃபுகஹாக்களின் விதி. கிணற்றுக்கும் கால்வாய்க்கும் சுற்றிலும் ‘ஹரீம்’ என்னும் காப்பு நிலம் உண்டு. அதில் எவரும் கட்டவோ தோண்டவோ கூடாது. நம் டெல்டாவின் வாய்க்கால் புறம்போக்கு அதே கருத்தின் தமிழ் வடிவம். 2020இல் இயற்றப்பட்ட பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம், அப்போது நாகை மாவட்டத்தில் இருந்த குத்தாலத்தையும் உள்ளடக்கியது. அதே ஆண்டின் இறுதியில் மயிலாடுதுறை தனி மாவட்டமானதால், அதன் பெயரைச் சேர்க்க 2023இல் சட்டம் திருத்தப்பட்டது. மாவட்டத்தின் பெயர் மாறினாலும் ஏட்டைத் திருத்தியாக வேண்டியிருக்கிறது. வயலை மனையாக்கும் ஆசையில் ஒரு வடிகால் வாய்க்கால் தூர்க்கப்பட்டால், அடுத்த மழையில் நீர் தேங்குவது பள்ளிவாசல் வயலிலா, கோயில் வயலிலா என்று வெள்ளம் பார்ப்பதில்லை.

ஆகவே ஒவ்வொரு ஜமாஅத்தும் செய்யத்தக்கது பெரிய காரியமன்று. வக்ஃப் பத்திரம், இனாம் பதிவேட்டு நகல், நிலவரித்திட்டப் பதிவேடு, பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்குமான தொடர்பு ஏடு, இன்றைய அ-பதிவேடு, புலப்படம், வில்லங்கச் சான்று ஆகிய ஏழையும் ஓர் உறையில் சேர்த்து, அதன் நகலை ஜமாஅத்தார் அனைவரும் காணத்தக்க இடத்தில் வைத்தல் வேண்டும். அரபுக் கல்லூரிகளில் கிதாபுல் வக்ஃப் ஓதும் மாணவருக்கு, ஒரு புலப்படத்தைப் படிக்கவும் மாவைச் சென்டாக்கவும் கற்பித்தல் வேண்டும். வக்ஃபின் சட்டம் அறிந்து அதன் வரப்பை அறியாத ஆலிம் பாதிக் கல்வியே பெற்றவராவார்.

கைபரில் தமக்குக் கிடைத்த சிறந்த நிலத்தை உமர் (ரலி) அவர்கள் அண்ணலாரின் ஆலோசனைப்படி வக்ஃபாக்கினார்கள். அது விற்கப்படாது, வழங்கப்படாது, வாரிசாகச் செல்லாது என்று விதித்ததோடு, விளைச்சல் யார் யாருக்கு, பொறுப்பாளர் எந்த அளவுக்கு உண்ணலாம் என்பதையும் அவர்கள் வரையறுத்தார்கள். அளந்து, வரம்பு கட்டி, எழுத்தில் வைப்பது அறத்தின் ஒரு பகுதி என்பதை அந்த முதல் வக்ஃபுகளே கற்பித்துவிட்டன. அதைக் காப்பது நம்மீது சாட்டப்பட்ட அமானிதம்.